கேரட் குழலும் சுரைப்புருடையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. மகுடிச் சுரைக்காயும் உதவாதுதான். முற்றிக் காய்ந்து, உள்ளே சதையும் விதையும் போன பிறகே அது வாத்தியமாகிறது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் ஒரு குழு இதற்கு நேர்மாறாகச் செய்கிறது. காலையில் சந்தையில் வாங்கிய பச்சைக் காய்களைச் செதுக்கி மாலையில் மேடையில் வாசிக்கிறார்கள். செதுக்கியதில் மிஞ்சியதைச் சூப் வைத்து, கச்சேரி முடிந்ததும் கேட்க வந்தவர்களுக்கே ஊற்றுகிறார்கள். இரண்டுமே காயிலிருந்து பிறக்கும் இசை. ஒன்று ஈரத்தை நம்புகிறது, மற்றது காய்ச்சலை நம்புகிறது.

வியன்னாக் குழுவின் பெயரே காய்கறி ஆர்க்கெஸ்ட்ரா. 1998இல் தொடங்கியது. பூசணிக்காயை மத்தளமாகத் தட்டுவார்கள். கத்தரிக்காயை இரண்டாகப் பிளந்து ஜால்ரா போல மோதுவார்கள். லீக் எனும் வெங்காயத்தாள் இனத்தை வயலின் போலத் தேய்ப்பார்கள். குடைந்த வெள்ளரிக்காயின் ஒரு முனையில் கேரட்டும் மறுமுனையில் குடைமிளகாயும் செருகினால் எக்காளம் மாதிரி ஒன்று கிடைத்துவிடும். வெங்காயச் சருகைக் கசக்கும் சத்தத்தைக்கூட மைக் வைத்துப் பெரிதாக்குகிறார்கள். 2010இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டுக்கு வெங்காயத்தையும் இரைச்சலையும் ஒட்டவைத்து ‘ஆனியனாய்ஸ்’ என்று பெயர். 344 கச்சேரிகள் என்ற கணக்கோடு கின்னஸ் புத்தகத்திலும் ஏறியிருக்கிறார்கள்.

வேடிக்கை என்று தள்ளிவிடுமுன் கேரட் குழலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தடித்த கேரட் ஒன்றை எடுத்து நெடுக்காகத் துளை போட வேண்டும். துளைக்கருவி இம்மி விலகினாலும் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வாய் வைக்கும் பக்கத்தில் ஒரு வெட்டு. அதில் காற்று மெல்லியதாகப் போக, கேரட் துண்டாலேயே ஓர் அடைப்பு. பிறகு விரல் துளைகள். ஊதினால் ரெக்கார்டர் குழலின் சாயலில் நாதம் வரும். மேடை விளக்கின் சூட்டில் கேரட் வாட ஆரம்பித்தால் சுருதியும் கூடவே நகரும். நாளைக்கு வேறு கேரட், வேறு கனம், வேறு சுருதி. வாசிக்கிறவரே ஒவ்வொரு கச்சேரிக்கும் தச்சராகவும் ஆகியாக வேண்டும்.

சுரைக்காயின் கதை வேறு. கொடியிலேயே முற்றவிட்டு, தோல் கட்டையான பிறகு பறித்து, மாதக்கணக்கில் காயப்போடுவார்கள். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். அப்போது துளையிட்டு உள்ளிருப்பதைக் கொட்டினால் எஞ்சுவது மரம் போன்ற ஓடு. கொங்கு நாட்டில் இதைச் சுரைப்புருடை என்போம். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் இதைக் கட்டித்தான் இறக்குவார்கள். அட்டாலி எனும் பரணில் விதை பத்திரமாக இருந்ததும், பனையேறியின் இடுப்போடு போனதும் இதுவே.

அதே ஓடுதான் பாம்பாட்டி ஊதும் மகுடி. சுரையின் கழுத்து ஊதும் வாய். உருண்ட வயிறு காற்றறை. அடியில் இரண்டு நாணல் குழல்களைத் தேன்மெழுகால் ஒட்டியிருப்பார்கள். ஒன்றில் விரலோட்டம், மற்றது விடாமல் சுருதி போடும். ஊதுகிறவர் கன்னத்தில் காற்றை நிறுத்திக்கொண்டு மூக்கால் இழுப்பதால் நாதம் அறுவதில்லை. மூச்சின் ஏற்ற இறக்கத்தைச் சுரையின் வயிறு சமன்செய்துவிடுகிறது. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தரின் குகை இருப்பதால் கோவைக்காரர்களுக்கு மகுடியின் நினைவு மலையோடு ஒட்டியே வரும். பாம்பு என்னவோ ராகத்துக்கு மயங்கவில்லை, குழலின் அசைவைத்தான் கவனிக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் பாம்பைக் காட்டிப் பிழைக்க வழியில்லை. பாம்போடு சேர்ந்து மகுடியும் தெருவை விட்டுப் போயிற்று.

இனி இரண்டையும் தராசில் வைக்கலாம். வியன்னாவில் கேட்பது காயின் சொந்தக் குரல். நீர் நிறைந்த சதை அமுங்கும், கீச்சிடும், நறுக்கென்று முறியும்; அந்த ஓசைகளே அங்கே பாட்டு. நம் சுரை தன் குரலைக் காட்டுவதில்லை. தனக்குள் இருந்ததைக் காலி செய்து, அந்த வெற்றிடத்தை நாணலுக்கும் கம்பிக்கும் இரவல் கொடுக்கிறது. மகாராஷ்டிரத்தின் மீரஜில் செய்யும் தம்புராவின் குடம் காய்ந்த சுரைதான். தஞ்சாவூர் வீணையின் தண்டுக்கடியில் தொங்கும் உருண்டைக்கும் சுரைக்காய் என்றே பெயர். அது காகிதக் கூழாகவும் ஃபைபராகவும் மாறிய பின்னும் பெயர் மட்டும் மாறவில்லை.

ஆயுளிலும் அப்படியே. கேரட் குழலுக்கு ஒரு மாலைப்பொழுது. சுரை ஓட்டுக்கு ஒரு தலைமுறை. ஆனால் நீண்ட ஆயுளே மேன்மை என்று தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. வியன்னாக்காரர்களின் விளையாட்டுப் புத்தி நம்மிடமும் இருந்தது. நம் பிள்ளைகளிடம் இருந்தது. பூசணி இலையின் உள்கூடான காம்பைக் கீறி ஊதுவார்கள், பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி செய்வார்கள், வெங்காயத்தாளையும் விடமாட்டார்கள். அதை இசை என்று எந்தச் சபையும் மதிக்கவில்லை. ‘சத்தம் போடாதே’ என்ற அதட்டல்தான் கிடைத்தது. வியன்னா அந்தச் சத்தத்துக்கு மேடை போட்டது. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது அதுதான். நம்மிடம் அவர்கள் கற்க வேண்டியது, ஒரு காயை முற்றும் வரை பறிக்காமல் விடும் பொறுமை.

அந்தப் பொறுமை இப்போது நம்மிடமே குறைந்துவிட்டது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த ‘கோ 1’ சுரை ரகம் குண்டான அடியும் ஒடுங்கிய கழுத்துமாக, பார்த்தாலே மகுடி ஞாபகம் வரும் வடிவம் கொண்டது. உழவர் சந்தையில் கண்ணில் படுவதோ பெரும்பாலும் பிஞ்சிலேயே பறித்த நீளச் சுரை. குழம்புக்கு அது போதும், புருடைக்கு ஆகாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். வரும் ஆடியில் வேலியோரம் குண்டுச் சுரை போடுகிறவர்கள், ஒரே ஒரு காயைக் கொடியிலேயே முற்ற விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது அடுத்த வருசத்துக்கு விதை; வெளியே மிஞ்சும் ஓட்டை வீட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சத்தம் போட்டால் அதட்டாதீர்கள்.