பிரியாவிடை: யாருக்கு மாலை, யாருக்கு லாரி

ஜொகூரில் பதினோரு ஆண்டுகள், பணி ஓய்வு விருந்துக்கு நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. 2014 ஜனவரி 1 முதல் இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை வைத்தால் மலாய் நண்பர்களுக்கு மதியத் தொழுகை. நம்மவர்களில் பாதிப் பேர் சைவம். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பள்ளிக்கூடம் நடக்கும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கோ வெள்ளி விடுமுறையே கிடையாது. ஆக எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சியது சனி ஒன்றுதான். அது மண்டபக்காரர்களுக்கும் தெரியும். 2025 ஜனவரி 1இல் ஜொகூர் மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. இனிமேல் புரட்டாசி மாதத்தைத் தள்ளிவைத்தால் போதும்.

நாள், சாப்பாடு, மாலை, பேச்சு, பரிசு, கடைசியில் குரூப் போட்டோ. நம் ஊர்ப் பிரியாவிடைக்கென்று எழுதி வைக்காத ஒரு முறை இருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். யார் நடுநாற்காலி, யார் ஓரநாற்காலி, யார் நின்றுகொண்டிருக்க வேண்டும், யார் பின்கட்டில் தட்டு கழுவ வேண்டும் என்பது வரைக்கும். இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு நெடுநாளாக ஒரு குறுகுறுப்பு.

'பிரியாவிடை' என்பதே விசித்திரமான சொல். விடை பெறுகிறோம், ஆனால் பிரியவில்லை என்கிறது. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் சுந்தரேசுவரரோடு உலா வரும் அம்மனுக்கும் பிரியாவிடை என்றுதான் பேர். சாமியை விட்டுப் பிரியாதவள். முந்தைய தலைமுறை இதைப் 'பிரிவுபசாரம்' என்றது. பிரிகிறவருக்குச் செய்யும் உபசாரம். எனக்கு இந்தப் பழைய சொல்தான் நேர்மையானதாகப் படுகிறது. போகிறவர் போகத்தான் போகிறார், மரியாதையாக அனுப்பி வைப்போம் என்கிறது, அவ்வளவுதான்.

விடை கொடுப்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. புறத்திணையில் 'பரிசில் விடை' என்று ஒரு துறையே உண்டு. தொல்காப்பியம் விடையை இருவகை என்கிறது. அரசன் தானாகவே பரிசு கொடுத்து அனுப்புவது ஒன்று, 'போய்வருகிறேன்' என்று பரிசிலன் கேட்டு விடை வாங்குவது மற்றொன்று என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். இன்றைய அலுவலக மொழியில் கட்டாய ஓய்வு, விருப்ப ஓய்வு! இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது விடை ஒன்று மலாயாத் தோட்டங்களில் இருந்தது. அதற்குத் துறைப்பெயர் கிடையாது.

முதலில் படத்தைப் பார்ப்போம். ஐம்பது, அறுபதுகளின் தோட்டத்துப் பிரிவுபசாரப் படம் ஒன்றைப் பார்த்திருந்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான். நடுவில் மாலையோடு விடைபெறுகிறவர். அவருக்குப் பக்கத்தில் துரை, வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு. இரண்டு பக்கமும் கிராணிமார், டிரஸ்ஸர், பள்ளிக்கூடத்து வாத்தியார். பின்வரிசையில் நிற்பவர்கள் கங்காணி, தண்டல். முன்னால் தரையில் சம்மணமிட்ட பிள்ளைகள், அதில் ஒருவன் கையில் ஊர்ப்பேரும் தேதியும் எழுதிய பலகை. பால் வெட்டுகிறவர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள். இருந்தால் சட்டகத்தின் விளிம்பில், யாரோ எட்டிப் பார்த்த மாதிரி.

விருந்துக்கு யார் வந்தார்கள் என்பதைவிட யார் உட்கார்ந்தார்கள் என்பதைத்தான் இந்தப் படங்கள் பதிவு செய்திருக்கின்றன. காலையில் பெரட்டுக் களத்தில் எந்த வரிசையில் நின்றார்களோ அதே வரிசைதான் மாலையில் மேடையிலும். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேச'னிலும், 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முர'சிலும் வந்த ஊர்ச் செய்திகளைப் புரட்டினால் இதே வரிசை எழுத்தில் கிடைக்கும். தலைமை வகித்தவர், வரவேற்றவர், வாழ்த்துப் பத்திரம் வாசித்தவர், மாலை சூட்டியவர், நன்றி நவின்றவர். விடைபெற்றவர் என்ன பேசினார் என்பது பெரும்பாலும் ஒரு வரிதான். பத்திரத்தைப் பற்றி நாலு வரி.

அந்தப் பத்திரம் தனி இலக்கிய வகை. விருத்தத்திலோ ஆசிரியப்பாவிலோ எழுதி, ஓரத்தில் பூவேலைப்பாடு வைத்து அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். போகிறவர் கிராணியாக இருந்தாலும் பாரிவள்ளல் வந்துவிடுவார். கணக்கில் கை வைத்தவரும் 'தூய கரத்தோய்' ஆகிவிடுவார். கிண்டல் செய்வது சுலபம்தான். ஆனால் தோட்டத்து அச்சகமற்ற வாழ்க்கையில், மரபுக்கவிதை தெரிந்த ஒரு வாத்தியாருக்கு ஊரறிய எழுதக் கிடைத்த வாய்ப்பு அதுதான்.

வாத்தியார் எப்படி நாற்காலி வரிசைக்கு வந்தார் என்பதற்கும் ஒரு கதை உண்டு. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். இருந்தாலும் இங்கும் தோட்டப் பள்ளி அதே அச்சில்தான் எழுந்தது. ஒரு கொட்டகை, ஒரு பலகை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். பல இடங்களில் கிராணியோ கங்காணியோ மீதி நேரத்தில் பாடம் சொன்னார். விடுதலைக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகள் தேசிய மாதிரிப் பள்ளிகளாகி அரசாங்க உதவிக்குள் வந்தபோது ஆசிரியர்களின் நிலை மெல்ல மாறியது. ஓய்வூதியம் உள்ள வேலை தோட்டத்துக்குள் நுழைந்தது. ஓய்வூதியம் இருக்கிறவருக்குத்தானே ஓய்வு விழா!

பால் வெட்டியவர்களுக்கு விடை வேறு மாதிரி வந்தது. முப்பதுகளில் ரப்பர் விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி அழைத்து வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தும் வரை இந்தப் போக்குவரத்து ஓயவில்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. ஜொகூர்க்காரர்களுக்குக் கிட்டத்துத் துறைமுகம் சிங்கப்பூர். வயசாகி ஊருக்குப் போகிறவரை வழியனுப்ப ரயிலேறிப் போய்க் கரையில் நிற்பார்கள். அதுவும் பிரிவுபசாரம்தான், நாற்காலி இல்லாத பிரிவுபசாரம். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு ஐ.சி. வைத்திருந்த எத்தனையோ பேர் இதே கப்பலில்தான் போனார்கள்.

போகாதவர்களுக்கு 55 வயது வந்தது. ஊழியர் சேமநிதி 1951இல் உருவானது. 55இல் பணத்தை எடுக்கலாம். இதைச் சாதனையாகத்தான் நான் பார்க்கிறேன். தோட்டத் தொழிலாளி கையில் மொத்தமாகப் பணம் பார்த்தது அதில்தான். ஆனால் 55க்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. குடும்பத்தில் வேறு யாராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் தொடர்ந்து இருக்கலாம்.

என் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினார். எழுபதுகளின் கடைசியில் அவருக்கு 55 ஆனது, அதாவது ஐ.சி.யில் ஆனது. அந்த வயது யாரோ ஒரு கிராணி ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. நான் ஒரு தடவை கேட்டேன், "பாட்டி, ஒங்களுக்கு பார்ட்டி வச்சாங்களா?"

"பார்ட்டியா? கத்தியக் குடுத்துட்டு வந்தேன். ஆப்பீஸ்ல பேர அடிச்சாங்க."

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் லயத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்கிறார்கள். ஆளுக்கொரு சாமான் கொண்டுவந்து, இரண்டு கோழி அடித்து, வாசலில் பாய் விரித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். யாரும் பேசவில்லை, பத்திரம் வாசிக்கவில்லை. ஒரு பழைய நிரைக்கூட்டாளி மட்டும் பாட்டியின் வாளியைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாராம். உபசாரம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்த மாதம் சித்தப்பா நான்காம் படிவத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் பேர் பதிந்தார். கடைக்குட்டி. கணக்கில் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். அவர் பேர் பதிந்ததால் பாட்டி வீட்டு வாசலுக்கு லாரி வரவில்லை. பிள்ளையில்லாத பக்கத்து வீட்டுக்கு வந்தது. தோட்டத்து லாரிதான், வாடகை கேட்கவில்லை. சாமான் ஏற்றி, கோழிக்கூட்டையும் ஏற்றி, எங்கேயோ பட்டணத்து ஓரத்துப் புறம்போக்குக்குப் போனார்கள். இதுதான் அந்த மூன்றாவது விடை.

இப்படி ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கணக்குப் போட்டால், தோட்டத்து ஓய்வுக்கு யார் செலவு செய்தார்கள் என்பது தெரியும். இதை நம் வரலாறுகளில் தேடினால் கிடைப்பது குறைவு. தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அஜிஸ் 1951 முதல் 1960 வரையான காலத்தை ஆராய்ந்து எழுதினார். நிலத்தை இழந்து நின்றவர்களுக்காகத் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இவை பேசப்படுகின்றன, பேசப்படவும் வேண்டும். தோட்டம் துண்டாகாமலேயே, துரை நல்லவராக இருந்தும், சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தும், 55 வயதில் ஒரு பிள்ளையின் படிப்பைக் கொடுத்து வீட்டை மீட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இப்போது தோட்டமும் இல்லை. ஜொகூரில் பல தமிழ்ப்பள்ளிகளின் பேரில் இன்னும் 'லாடாங்' இருக்கிறது, சுற்றிலும் தாமான் வீடுகள். அரசாங்க ஊழியர் ஓய்வு வயது 55இலிருந்து 2001இல் 56, 2008இல் 58, 2012இல் 60 ஆனது. தனியார் துறைக்கும் 2013 ஜூலை 1 முதல் குறைந்தது 60. விழா மட்டும் பழைய அச்சிலேயே நடக்கிறது. மேலே 'மஜ்லிஸ் ஜாசாமு டிகெனாங்' என்று மலாயில் பதாகை. உன் சேவை நினைவுகூரப்படும் என்று பொருள். துரை இருந்த நாற்காலியில் இப்போது கல்வி இலாகா அதிகாரியோ டத்தோவோ. விருத்தத்துக்குப் பதில் வீடியோ. பந்துன் இரண்டு. பேச்சு மட்டும் குறையவில்லை.

நாலைந்து விழாவில் வேலை செய்தவன் என்ற முறையில் சில விஷயங்கள் சொல்ல உரிமை உண்டு. சமையல் ஹலாலாக இருக்கட்டும், மாட்டிறைச்சி வேண்டாம், சைவத்துக்குத் தனிக் கரண்டி வையுங்கள். காசு பிரிக்கும்போது யார் எவ்வளவு என்று வாட்சாப்பில் பட்டியல் போடாதீர்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த தற்காலிக ஆசிரியை அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தூக்கம் கெடுகிறார். விடைபெறுகிறவரிடம் 'சேமநிதி எவ்வளவு வந்துச்சு' என்று சிரித்துக்கொண்டும் கேட்கக் கூடாது. 'இனிமே வீட்ல சும்மாதானே' என்பது அதைவிட மோசம். பேச்சாளர் மூன்று பேர் போதும். அதில் ஒருவர் அவருக்குக் கீழே வேலை செய்தவராக இருக்க வேண்டும். குடும்பத்தை முன்வரிசையில் உட்கார வையுங்கள். முப்பது வருடம் அந்த ஆளைப் பள்ளிக்கூடத்துக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக நான் வேலை செய்தது ஒரு தலைமையாசிரியையின் விழாவில். அதே மாதத்தில் பள்ளியைப் பத்து வருடமாகக் கூட்டிப் பெருக்கிய அக்காவுக்கும் வேலை முடிந்தது. அவர் பள்ளியின் ஊழியர் இல்லை, துப்புரவுக் குத்தகை எடுத்த கம்பெனியின் ஆள். குத்தகை மாறியது, புதுக் கம்பெனி அவரை எடுக்கவில்லை. அதற்குப் பேர் ஓய்வு இல்லை, அதனால் நிகழ்ச்சி நிரலில் இடமும் இல்லை. ஏற்பாட்டுக் குழுவில் நான் சொன்னேன். "அவங்கள கூப்புட்டா கேண்டீன்காரம்மா, ஜாகான்னு எல்லாரையும் கூப்புடணுமே சார்" என்றார் ஒருவர். கூப்பிடுவோமே என்றேன். அரைமணி நேரம் பேசி, மாலை இல்லை, பொன்னாடை போடலாம் என்று முடிவானது. பழக்கம் லேசில் போகாது.

அன்றைக்கு அக்கா வந்தார். பொன்னாடையை மேடையில் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். தலைமையாசிரியை கீழே இறங்கி வந்து போட்டார். குரூப் போட்டோவுக்கு அவர் பின்வரிசை ஓரத்துக்குப் போகப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு நாற்காலி குறைந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார்.

படத்துக்குக் கீழே பேர் அச்சடிக்கும்போதுதான் தெரிந்தது, அக்காவின் முழுப்பேர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. போன் செய்தேன். பேரைச் சொன்னார், அப்பா பேரைச் சொன்னார், கேட்காமலே தோட்டத்துப் பேரையும் சொன்னார். பதவி என்று என்ன போடுவது என்று கேட்டேன். அதை அவர் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

"அந்தப் படம் எனக்கும் ஒன்னு வேணும் தம்பி. கழுவுறதுக்கு எவ்வளவு காசு?"