தலைகீழ் உலகத்தில் எட்டு நாள்

கண்ணுக்குள்ளே விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானது. நமக்கோ எல்லாம் நேராகத்தான் தெரிகிறது. அப்படியென்றால் அந்தப் பிம்பத்தை யாராவது நிமிர்த்திவிட்டால் என்ன ஆகும்?

அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (பெர்க்லி) உளவியல் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜார்ஜ் ஸ்ட்ராட்டனுக்கு 1896-ல் வந்த சந்தேகம் இது. சோதனைக்கு அவர் வேறு ஆளைத் தேடவில்லை. பிம்பத்தைக் கவிழ்க்கும் லென்ஸ் குழாய் ஒன்றை வலது கண்ணில் தானே மாட்டிக்கொண்டார், இடது கண்ணை மறைத்துவிட்டார். முதலில் மூன்று நாள். 1897-ல் எட்டு நாள், மொத்தம் சுமார் 87 மணி நேரம். லென்ஸைக் கழற்றினால் கண்ணைக் கட்டிக்கொள்வார், இயல்பான உலகம் ஒரு நொடி கூடப் பார்வையில் படக்கூடாதே!

ஆரம்பத்தில் பாடு திண்டாட்டம்தான். மேல் கீழானது, இடம் வலமானது. பக்கத்தில் இருக்கும் பொருளை எடுக்கத் தப்பான கை நீளும். சாப்பாட்டு மேஜையில் பரிமாறிக்கொள்வதைக் கூட யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. வயிற்றைப் பிரட்டல் வேறு. நாள் போகப் போக, கண் காட்டும் தவறைப் பார்த்துப் பார்த்து கை தன்னைத் திருத்திக்கொண்டது.

லென்ஸைக் கழற்றியபோதுதான் வேடிக்கை. பழைய உலகமே குழப்பியது. கதவைத் திறக்க எந்தக் கையை நீட்டுவது என்று தடுமாறினார். (ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதே விளைவை, அவருக்கு முன்பே, பட்டகக் கண்ணாடியில் கவனித்திருந்தார். கழற்றியதும் விரல் எதிர்ப்பக்கம் தவறும்.)

கடைசியில் உலகம் அவருக்கு நேராகவே தெரிந்தது என்று பல புத்தகங்கள் எழுதிவிட்டன. ஸ்ட்ராட்டன் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. 1999-ல் வெளியான ஓர் ஆய்வு அதைக் கட்டுக்கதை என்றே சொன்னது: அசைவுகள் பழகின, காட்சி நிமிரவில்லை.

இந்தப் பழக்கம் மூளையில் எங்கே சேர்கிறது? வலிப்பு நோய்க்காக 1953-ல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசனுக்கு அதன்பின் புது நினைவுகள் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவை. இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவரே வியந்தாராம்.