தேம்ஸுக்கு அடியில் போன வெந்நீர்

லண்டன் பாட்டர்சி மின்நிலையத்தோட நாலு வெள்ளைப் புகைபோக்கிகளைப் படத்துல பார்த்திருப்பீங்க. எனக்குப் பிடிச்சது அதுக்கு எதிர்க்கரையில, பிம்லிக்கோவில் நிற்கிற கண்ணாடிக் கோபுரம்.

நிலக்கரியை எரிச்சு நீராவியால டர்பைனைச் சுத்தினா, அதோட ஆற்றல்ல மூன்றில் ஒரு பங்குகூட அன்றைக்கு மின்சாரமாகல. மீதி வெப்பத்தில் பெரும்பகுதி தேம்ஸ்ல போய்ச் சேர்ந்தது. 1947 குளிர்காலத்தில் நிலக்கரித் தட்டுப்பாடு. வீடுகள்ல ஜனங்க நடுங்கினாங்க. ஆத்துக்கு மட்டும் ஓசியில வெந்நீர்!

போருக்குப் பிறகு பிம்லிக்கோவில் சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்பு எழுந்தது, சுமார் 1,600 வீடுகள். பாட்டர்சியில் வீணான வெப்பத்தை ஆத்துக்கு அடியில் குழாய் போட்டு அங்கே கொண்டுவந்தாங்க. 1950இல் திட்டம் ஓட ஆரம்பிச்சது.

சரி, கோபுரம் எதுக்கு? ஊருக்கு மின்சாரம் வேண்டிய நேரமும் வீட்டுக்கு வெந்நீர் வேண்டிய நேரமும் ஒத்துவராது. வெந்நீரைச் சேர்த்துவைக்கிற தொட்டிதான் அது. நம்ம வீட்டு பிளாஸ்க் மாதிரி, ஆனா பல மாடி உயரம்.

1952 டிசம்பர் புகைமூட்டத்தில் லண்டன்ல ஆயிரக்கணக்கானோர் இறந்தாங்க. வீட்டுக் கணப்புகளின் கரிப்புகைக்கு அதில் பெரிய பங்கு. இந்தக் குடியிருப்பு அந்தப் புகையில் எதையும் சேர்க்க வேண்டியிருக்கல.

1983இல் பாட்டர்சி மூடப்பட்டது. வெப்பம் நின்னுபோச்சு, ஆனா குழாய்கள் இருந்ததே! பிம்லிக்கோவிலேயே கொதிகலன்கள் வெந்நீர் கொடுத்தன. பின்னாடி எரிவாயு எஞ்சின்கள் வந்தன. மின்சாரமும் வெப்பமும் மறுபடி ஒண்ணா.

பழைய மின்நிலையத்துக்குள்ள இப்போ கடைகள். கோபுரத்துல இன்னும் வெந்நீர்தான்.