குற்றமும் கருத்தும்
(1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பற்றிய ஓர் ஆய்வு)

தமிழிற் குற்றம் என்னுஞ் சொல் பரந்த பொருளுடையது. செய்யுளில் நேரும் வழுவும் குற்றமே; மனத்தில் எழும் அழுக்காறும் குற்றமே; அயலான் பொருளைக் கவர்தலும் குற்றமே. சட்டமோ இத்துணைத் தாராளமானதன்று. எச்செயலை அது முன்னரே விலக்கித் தண்டனை விதித்துள்ளதோ அச்செயலே அதன்கண் குற்றமாகும். அழுக்காறுடையானை அறநூல் கடியலாம். நீதவான் அழைத்து விசாரித்தற்கில்லை.

இலங்கையில் இவ்வரையறை ஒரு கோவையாக எழுத்தில் அமைய நெடுங்காலஞ் சென்றது. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, முதுசொம், சீதனம், ஈடு முதலியவற்றையே பெரிதும் பேசுகின்றது. குற்றங்களுக்கு உரோம ஒல்லாந்தச் சட்டமே ஆதாரமாயிருந்தது. 1799இல் ஆங்கிலத் தேசாதிபதி நோர்த் வெளியிட்ட பிரகடனம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியதாயினும், சித்திரவதையையும் கொடூரமான தண்டனை முறைகளையும் ஒழித்தது. பின்னர், மெக்காலே தலைமையிலான ஆணைக்குழு 1837இல் வரைந்து 1860இற் சட்டமாகிய இந்தியக் கோவையைத் தழுவி, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக நமது தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. 1885 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அது, திருத்தங்கள் பலவற்றுடன் இன்றும் ஆட்சியிலுள்ளது.

இக்கோவையின் நுட்பத்தைப் பொருள்பற்றிய குற்றங்களிற் தெளிவாகக் காணலாம். ஒருவனது துவிச்சக்கர வண்டியை அவன் அறியாவண்ணம் எடுத்துச் செல்வது களவு. கத்தியைக் காட்டி அச்சுறுத்தி எடுப்பின் அது கொள்ளை. பொய் கூறி நம்பவைத்து அவன் கையாலேயே தரச்செய்து பெறின் வஞ்சனை. பாதுகாத்துத் தருமாறு ஒப்படைத்த வண்டியை விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளின் நம்பிக்கைத் துரோகம். வழியிற் கண்டெடுத்து, உடையவன் இன்னான் என அறிந்தும் தனதாக்கின் கையாடல். உடையவனுக்கு நேர்ந்த நட்டம் ஐந்திலும் ஒன்றே. அப்பொருள் எவ்வாறு கைமாறிற்று, நேர்மையற்ற எண்ணம் எப்பொழுது தோன்றிற்று என்பவற்றைக் கொண்டே கோவை வேறுபடுத்துகின்றது. வேலியில் நிற்கும் பனை களவுக்குரிய பொருளன்று. தறித்து நிலத்தினின்றும் பிரித்தவுடனே அஃது அசையும் பொருளாகிக் களவுக்குரியதாகின்றது! எல்லை வழக்குகளுக்குப் பேர்போன நம் நாட்டில் இவ்விதி வீணாய்க் கிடக்கவில்லை.

கருத்தின்றிக் குற்றமில்லை என்பது இவற்றிற்கெல்லாம் அடிப்படை. ஆதலினாலேயே சித்தசுவாதீனமற்றவன் செயலும் குழந்தையின் செயலும் விலக்கப்பட்டன. எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளையின் செயல் குற்றமாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியது.

உயிர்பற்றிய குற்றத்திலோ கருத்தின் அளவும் எடைபோடப்படுகின்றது. மரணத்தை விளைவிக்கக் கூடிய காயத்தை ஏற்படுத்தக் கருதியவன் ஆட்கொலை புரிந்தவன். இயற்கையின் சாதாரண போக்கில் மரணத்தை விளைவிக்கப் போதுமான காயத்தைக் கருதியவனோ கொலைஞன். ‘கூடிய’, ‘போதுமான’ என்னும் இரு சொற்களுக்கிடையே தூக்குமேடை நிற்கின்றது. கொலைக்கு மரணதண்டனை, கொலையாகாத ஆட்கொலைக்கு ஆகக் கூடியது இருபது ஆண்டுச் சிறை. கடுமையான திடீர்ச் சினமூட்டல், முன்னேற்பாடற்ற திடீர்ச் சண்டை முதலிய விலக்குகளும் கொலையை ஆட்கொலையாகக் குறைப்பன. மருத்துவரின் சாட்சியத்திலுள்ள ஒரு பெயரடையைப் பற்றி வழக்கறிஞர்கள் மணிக்கணக்காக வாதிடுவதை வீண்பேச்சென எள்ளுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

இனி, முன்னரே விதித்திருத்தல் வேண்டும் என்னும் விதிக்கு நேர்ந்த சோதனையைக் கூறுவாம். 1958இற் கொலைக்கான மரணதண்டனை சட்டத்தால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 1959 செப்டெம்பரிற் பிரதமர் பண்டாரநாயக்க சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் அத்தண்டனையை மீட்டு, முன்னர் நிகழ்ந்த கொலைக்கும் அது பொருந்துமாறு செய்தது. சுட்டவர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஆனால், சதிசெய்தமைக்காக மரணதண்டனை பெற்ற இருவருக்கு அது மேன்முறையீட்டில் ஆயுட்சிறையாயிற்று. சட்டத்தைப் பின்னோக்கச் செய்த சொற்கள் கொலையைத் தழுவினவேயன்றிச் சதியைத் தழுவவில்லை என்பதே காரணம். சீற்றத்தில் இயற்றிய சட்டத்தையும் நீதிமன்றம் எழுத்தெழுத்தாகவே வாசித்தது.

அதே 1962இன் தொடக்கத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி ஒன்று வெளிப்பட்டபோது, பாராளுமன்றம் மீண்டும் பின்னோக்கிய சட்டமொன்றை இயற்றி, யூரிமாரின்றி விசாரிக்கவும், ஆகக் குறைந்தது பத்தாண்டுச் சிறை விதிக்கவும் வழிசெய்தது. இருபத்துநால்வர் குற்றஞ்சாட்டப்பட்டுப் பதினொருவர் குற்றவாளிகளாயினர். 1965 டிசெம்பரிற் கோமறைக் கழகம் அத்தீர்ப்பை நீக்கியது. குறித்த சிலரைத் தண்டித்தற்கென்றே சட்டம் ஆக்குவது நீதித்துறையின் அதிகாரத்திற் தலையிடுவதாகும் என்பது அதன் முடிபு. அம்மனிதர் செய்தது சரியென்று கோமறைக் கழகம் கூறவில்லை என்பதையும் மாணவர் கவனிப்பாராக.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, செய்தகாலத்திற் குற்றமாகாத செயலுக்காக எவரும் குற்றவாளியாகக் காணப்படலாகாது எனவும், அக்காலத்திலிருந்ததினுங் கடுமையான தண்டனை விதிக்கப்படலாகாது எனவும் தன் 13ஆம் உறுப்புரையில் எழுதி வைத்துள்ளது. நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டத் தத்துவங்களின்படி குற்றமாயிருந்த செயல்கள் மட்டும் அங்கே விலக்காக நிறுத்தப்பட்டுள்ளன.