இருபத்தைந்து வரிக்கு மேல் எழுதக் கூடாது

நீளமான லீகல் தாளில் இருந்த ஒரு விண்ணப்பப் படிவத்தை ஜெராக்ஸ் மெஷினில் சுருக்கி ஏ4 தாளுக்குக் கொண்டு வந்தோம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. நீளத்துக்குத் தக்கபடி சுருக்கியதால் இரண்டு ஓரமும் வெற்றிடமாக வீணாய்க் கிடந்தது. எழுத்தைப் படிக்க முடிந்ததே, போதும் என்று இருந்துவிட்டோம். ஒரு பாட்டி வந்து கைநாட்டு வைத்தார். ரேகை கட்டத்தைத் தாண்டி மேல் வரியில் இருந்த அவர் பெயர் மீதே விழுந்து மையாகிவிட்டது. வேறு படிவம் எழுதிக்கொண்டு அவர் இன்னொரு நாள் வரவேண்டியதாயிற்று. தாளைச் சுருக்கினோம், பெருவிரல் சுருங்குமா?

பக்கத்தின் அளவு மாறும்போது எந்த இடைவெளி கூடவே மாறவேண்டும், எது அப்படியே நிற்கவேண்டும்? பிரான்சில் இதற்கு 1798-லேயே சட்டத்தில் விடை எழுதி வைத்திருந்தார்கள்.

புரட்சிக் காலண்டர்படி ஏழாம் ஆண்டு, மூடுபனி மாதமான 'ப்ருமேர்' 13. நம் கணக்கில் 3 நவம்பர் 1798. அன்று வந்தது முத்திரைத்தாள் சட்டம். தாள் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வரி. ஆகவே தாளின் அளவைச் சட்டமே நிர்ணயித்தது. அதுவும் அப்போது புதிதாக வந்திருந்த மீட்டர் கணக்கில். 'முவாயேன் பப்பியே' எனும் நடுத்தரத் தாள் 0.2973-க்கு 0.4204 மீட்டர். 'கிராண் பப்பியே' எனும் பெரிய தாள் 0.3536-க்கு 0.5000. 'கிராண் ரெழிஸ்த்ர்' எனும் பதிவேட்டுத் தாள் 0.4204-க்கு 0.5946.

நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்றிலும் 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். இந்த விகிதத்தில் உள்ள தாளை இரண்டாக மடித்தாலும் அதே விகிதம்தான் வரும். நடுத்தரத் தாளை மடித்தால் 21 சென்டிமீட்டருக்கு 29.7, இன்றைய ஏ4! இந்த விகிதத்தின் அருமையைப் பற்றி லிக்டென்பெர்க் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1786-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். 1922-ல் போர்ஸ்ட்மான் என்பவரின் முயற்சியால் ஜெர்மனி இதையே தரமாக்கியது. 1975-ல் உலகத் தரமாயிற்று. ஏ3 பக்கத்தை ஏ4 ஆகச் சுருக்கினால் ஓரங்கள் கோணாமல் வருவது இதனால்தான்.

என்னைக் கவர்ந்தது இன்னொரு பிரிவு. அத்தாட்சி நகல் எழுதுவோர் நடுத்தரத் தாளில் பக்கத்துக்கு 25 வரி, பெரிய தாளில் 30, பதிவேட்டுத் தாளில் 35, இவற்றுக்கு மேல் எழுதக் கூடாது. ஒரு தாளில் கூடினால் இன்னொன்றில் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

காரணம் வெளிப்படை. வரி தாளுக்கு என்றால் எழுதுகிறவன் வரிகளை நெருக்கித் தாளை மிச்சம் பிடிப்பான், கஜானாவுக்கு நஷ்டம். ஆனால் கணக்கைக் கவனியுங்கள். ஒரு தாளிலிருந்து அடுத்ததற்கு நீளம் சுமார் 19 சதவீதம் கூடுகிறது. வரிகளும் 20, 17 சதவீதம் என்று அதே போலக் கூடுகின்றன. ஆக, எந்தத் தாளானாலும் வரிக்கு வரி விடவேண்டிய இடம் ஏறக்குறைய ஒன்றே. தாள் பெரிதானால் வரிகள்தான் கூடும், இடைவெளி கூடாது. எழுதும் கையும் படிக்கும் கண்ணும் தாளோடு சேர்ந்து வளர்வதில்லையே!

தாளின் உருவத்துக்கு விகிதம், வரி இடைவெளிக்கு நிலையான அளவு. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தார்கள்.

நாங்கள் பிறகு படிவத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்தோம். வீணாய்க் கிடந்த ஓரங்களில் எழுத்தை விரித்தோம். கைநாட்டுக் கட்டத்தை மட்டும் ஸ்கேல் வைத்துப் பழைய அளவிலேயே போட்டோம். அந்தச் சட்டத்தை நான் பிரெஞ்சில் படித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.