‘போதும்’னு சொல்லத் தெரிஞ்ச செடி

கொள்ளுப் பருப்பு கடையாத வீடு நம்ம கொங்குல கம்மிதான். அந்தக் கொள்ளு, தட்டைப்பயறு, உளுந்து மாதிரிச் செடிகளுக்குள்ள ஒரு வரவு செலவுக் கணக்கு ஓடுது. அந்தக் கணக்கை எழுதுறது யாருன்னு கண்டுபிடிச்ச கதைதான் இன்னைக்கு.

பயறு போட்ட காட்டுல அடுத்த வெள்ளாமை நல்லா வரும்னு நம்ம விவசாயிகளுக்கு ரொம்ப காலமாவே தெரியும். ஏன்னு தெரிஞ்சது 1886-ல. ஜெர்மனியில ஹெல்ரீகல், வில்ஃபார்த்னு ரெண்டு பேர், வேர் முடிச்சுல இருக்கிற நுண்ணுயிர்தான் காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்குதுன்னு காட்டினாங்க. 1888-ல நெதர்லாந்தின் பெய்ரின்க் அந்த பாக்டீரியாவைத் தனியாப் பிரிச்சு வளர்த்தார். அதுதான் ரைசோபியம்.

சைதாப்பேட்டையில 1868-ல ஆரம்பிச்ச வேளாண் பள்ளி 1906-ல கோயம்புத்தூருக்கு வந்தது. 1971-ல அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆச்சு. ரைசோபியத்தை ஆறின அரிசிக் கஞ்சியில கலந்து, விதையில புரட்டி, நிழல்ல உலர்த்தி விதைங்கன்னு அவங்க சொல்றாங்க. கஞ்சிதான் பசை. வெயில்ல காய வச்சா பாக்டீரியா செத்துரும்.

அப்போ முடிச்சு நிறைய இருந்தா நிறைய லாபமா? இங்கதான் கதை திரும்புது.

பாக்டீரியா சும்மா வேலை செய்யாது. இலை தயாரிக்கிற சர்க்கரையில பங்கு கேட்கும். 1952-ல நட்மன்ங்கிற ஆய்வாளர், சிவப்பு க்ளோவர் செடியோட முடிச்சுகளை வெட்டி எடுத்துப் பார்த்தார். செடி புதுசா இன்னும் நிறைய முடிச்சு போட்டது. அப்படின்னா, ஏற்கெனவே இருக்கிற முடிச்சுதான் அடுத்ததைத் தடுத்துட்டு இருந்திருக்கு.

1985-ல ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், கிரெஸ்ஹாஃப் குழுவினர் சோயாவில ஒரு விசித்திரமான செடியைக் கண்டுபிடிச்சாங்க. சாதாரணச் செடியை விடப் பல மடங்கு முடிச்சு! ஆனா வேர் வளர்ச்சி குன்றிப்போச்சு. அடுத்து, மாமரத்துல ஒட்டுக் கட்டுற மாதிரி தண்டையும் வேரையும் மாத்தி ஒட்டிப் பார்த்தாங்க. சாதாரண வேர் மேல அந்த விசித்திரச் செடியோட தண்டை வச்சா, வேர் கட்டுப்பாடில்லாம முடிச்சு போட்டது. தண்டை மாத்திச் சாதாரணத் தண்டு வச்சா அடங்கிடுச்சு. முடிச்சு வர்றது மண்ணுக்குள்ள. ஆனா கணக்கு எழுதுறது மேல இருக்கிற இலை!

2003-ல சோயாவில அதுக்கான மரபணு பிடிபட்டது. பேர் நார்க். முதல் முடிச்சுகள் உருவாகத் தொடங்கினதும், வேர் ஒரு குட்டிப் புரதத் துண்டைத் தண்ணி ஏறுற குழாய் வழியா மேல அனுப்பும். நார்க் உருவாக்குற ஏற்பி இலையில அதை வாங்கிக்கும். உடனே இலையிலிருந்து கீழ பதில் போகும்: போதும், நிறுத்து.

கணக்குல இன்னொரு வரியும் இருக்கு. மண்ணுல நைட்ரேட் தாராளமாக் கிடைச்சா, செடி முடிச்சு போடுறதையே குறைச்சுக்கும். சும்மா கிடைக்கிறப்போ சர்க்கரை கொடுத்து வாங்குவானேன்? அதனால பயறுக்கு யூரியாவை அள்ளி வீசினா, காத்துல இருந்து இலவசமா வர்றதை நாமளே காசு கொடுத்து நிறுத்துற மாதிரி. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையைப் பாருங்க: இறவை உளுந்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து, மானாவாரிக்கு 12.5 கிலோ. வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கோ 250 கிலோ! உடுமலை, பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்குன்னு மக்காச்சோளம் பரவின காடுகள்ல, உரச் செலவு ஏன் பேச்சாகுதுன்னு இந்த ரெண்டு எண்ணே சொல்லும்.

ஊருக்குப் போறப்போ ஒரு பயறுச் செடியைப் பிடுங்கி, முடிச்சைக் கிள்ளிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட உறவுக்காரப் புரதம் தர்ற நிறம் அது. பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா வேலை முடிஞ்சிருச்சு. எத்தனை முடிச்சுன்னு எண்ண வேண்டாம். அதைச் செடி பார்த்துக்கும்.