பள்ளிக்கு ஈந்தோரும் பள்ளியை ஆண்டோரும்

ஊரார் பொருளால் வளர்ந்த பள்ளியில் ஊரார்க்கு எத்துணைச் சொல்லுரிமை இருந்தது? இவ்வினாவைக் குருபரப்பள்ளியை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம். கிருட்டிணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் வழங்கும் எல்லைப் பகுதியில் அமைந்தது இவ்வூர். கிருட்டிணகிரியை உள்ளிட்ட பாராமகால் நாடு 1792 இல் கும்பினியார் கைப்பட்டபோது, அங்கு வரித்தண்டல் பணிக்கு வந்தோருள் ஒருவர் தாமசு மன்றோ. அவரே பின்னாளில் சென்னை ஆளுநராகி, 1822 இல் மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் செய்தார்.

1826 இல் அவர் தொகுத்துரைத்த கணக்கின்படி பள்ளிகள் 12,498, மாணவர் 1,88,650. இவற்றுட் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே. ஆசிரியர்க்கு ஊதியம் தந்தோர் பெற்றோர். காசாகவும் தானியமாகவும் தந்தனர். நவராத்திரிக் காலத்தில் மாணவர் வீடுதோறும் பாடிப் பெற்றதும் ஆசிரியர்க்கே சென்றது. பிள்ளையை நிறுத்திவிட்டால் ஆசிரியர் வருவாய் குறையும். அதுவே பெற்றோரின் ஆட்சியுரிமை. இதனைப் பொற்காலம் எனப் போற்றுவாரும் உளர். ஆயின் அக்கணக்கிலேயே பெண்கள் 4,540 பேர்தாம். நூற்றுக்கு மூவர்கூட இலர். ஆசிரியர் பலர் திங்களுக்கு ஆறேழு உரூபாய்க்கு மேல் ஈட்டவில்லை என்றும், தக்கோர் இப்பணியை நாட அது போதாதென்றும் மன்றோவே வருந்தினார். கொடுக்க வல்லார் மட்டும் ஆளும் பள்ளி எல்லார்க்கும் உரிய பள்ளியாதல் அரிது.

1854 ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை உதவிநல்கை முறையை வகுத்தது. 1920 ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரிக்கு வழிசெய்தது. ஆசிரியர் பெற்றோரின் கையை எதிர்பார்க்கும் நிலை படிப்படியாய் நீங்கிற்று. அந்நன்மையோடு, பொருள்பற்றிய முடிவும் ஊரைவிட்டு அகன்றது.

காமராசர் ஆட்சியில் ஊரார் மீண்டும் அழைக்கப்பெற்றனர். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய மதிய உணவுப் பணியும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் மக்கள் ஈகையையே பெரிதும் நம்பின. கட்டடம், நாற்காலி, மணி, சீருடை, அரிசி என ஊர்தோறும் பொருள் குவிந்தது. வறிய ஊர்களும் வாரி வழங்கிய அக்காட்சி நெஞ்சை நெகிழ்விப்பதே. எனினும் ஈந்தவர் ஈந்ததோடு அமைந்தனர். ஆசிரியரை அமர்த்துதலிலோ ஆண்டுச் செலவை வகுத்தலிலோ அவர்க்கு இடமில்லை. ஈகை ஓரிடத்தும் ஆட்சி பிறிதோரிடத்தும் நின்றன.

இவ்விடைவெளியை நிரப்ப வந்ததே 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராதல் வேண்டும். பாதியினர் பெண்டிராதல் வேண்டும். மன்றோ கணக்கின் 4,540 ஐ எண்ணுவார்க்கு இதன் அருமை புலனாகும். தமிழ்நாட்டில் 2022 இல் அமைந்த இருபதின்மர் குழுவில் பதினைவர் பெற்றோர். தலைமையாசிரியரும் மற்றோர் ஆசிரியரும் உடனிருந்தனர். குழு வகுக்கும் வளர்ச்சித் திட்டமே அரசு நல்கைக்கு அடிப்படையாகும் என்கிறது 22 ஆம் பிரிவு. நடைமுறையோ வேறு. 2018 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளி மானியத்தை வரையறுப்பது மாணவர் தொகையே. 101 முதல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 உரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கேனும் தூய்மைப் பணிக்கு ஒதுக்கப்படல் வேண்டும். எஞ்சியதைப் பங்கிடும் உரிமையே குழுவின்பாற் படும்.

இச்சிறிய உரிமையையும் எய்தக் குருபரப்பள்ளி போன்ற ஊரில் தனி இடர்ப்பாடு உண்டு. சிப்காட் வளாகத்தின் ஆலைகள் முறைப்பணியில் இயங்குவன; 2022 இல் குறிக்கப்பெற்ற கூட்ட நேரமோ மாதத்து முதல் வெள்ளிப் பிற்பகல். முதல்முறைப் பணி முடித்து வரும் தாய் பள்ளி வாயிலை அடையுமுன் தீர்மானம் எழுதப்பெற்றிருக்கும். பிழைப்பு நாடி வெளிமாநிலத்திலிருந்து வந்த பெற்றோர்க்கு அத்தீர்மானத்தின் எழுத்தே புதிது. அவர்தம் மக்களும் சேர்ந்தே பள்ளியின் மாணவர் தொகை. அத்தொகை கொண்டே மானியம் கணக்கிடப்படுகிறது.